விக்ராந்த் கப்பலில் என் தந்தையார்

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் என் இல்லம் வந்திருந்தனர். "போர் விமானியாக இருந்த தங்கள் தந்தையாரைப் பற்றி எழுதித் தாருங்கள், ஐயா" என்பது அவர்களின் வேண்டுகோள். அன்புடன் கேட்டனர்; மறுக்க இயலவில்லை. ஆயினும் எடுத்த எடுப்பிலேயே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் விமானி அல்லர். அவர் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. 1971-ஆம் ஆண்டுப் போரில் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், விமானங்களைத் தள்ளியும் நிறுத்தியும் கட்டியும் அவிழ்த்தும் பணியாற்றிய மாலுமி அவர். இவ்வளவே உண்மை. இந்த உண்மையே போதுமானது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

வயலிலிருந்து கடலுக்கு

முத்துப்பேட்டை கடலோர ஊர். கோரையாறு கடலைச் சேரும் முகத்தில் அலையாத்திக் காடு அடர்ந்து கிடக்கிறது. நம் ஊர் மரைக்காயர்கள் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள். மீனவப் பெருமக்களோ அன்றாடம் கடலோடுபவர்கள். ஆனால் நம் தெருவாருக்கு அக்கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எட்டாத தொலைவாகவே இருந்தது. நம் முன்னோரின் உலகம் நாற்றங்கால், வரப்பு, களம் என்ற எல்லைக்குள் அடங்கிவிட்டது. என் பாட்டனார் பண்ணையாள். சவுக்கடியும் சாணிப்பாலும் தஞ்சைத் தரணியில் நம் மக்கள் பட்ட தண்டனைகள் என்பதைப் பலர் எழுதியுள்ளனர். அவற்றை எதிர்த்துத் தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் ஊர் ஊராகச் சங்கம் கண்டனர். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் வந்த ஆண்டில் என் தந்தையார் எட்டு வயதுச் சிறுவர்.

அவர் பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்றது எங்கள் குடும்பத்தில் ஒரு புதுமை. மாடு மேய்க்க ஆள் வேண்டும் என்று பண்ணை வீட்டார் சொல்லியனுப்பியபோது, என் பாட்டியார் தாமே சென்று அவ்வேலையைச் செய்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பினாராம். 1962-ல் சீனப் போர் மூண்டது. அதன்பின் முப்படைகளுக்கும் ஆள் சேர்ப்பு மிகுந்தது. 1963-ல் என் தந்தையார் திருச்சிராப்பள்ளிக்கு நண்பர் ஒருவருடன் சென்று கடற்படைக்குத் தேர்வானார். நண்பர் திரும்பி வந்துவிட்டார். இவர் விசாகப்பட்டினத்திற்குப் புகைவண்டி ஏறினார். "நீந்தத் தெரியுமா?" என்று அங்கே கேட்டபோது, "கோரையாற்றில் வெள்ளம் போகும்போதே நீந்துவேன்" என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிறிது பெருமிதம் தோன்றும்.

படைக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பு

ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் படைத்தொழில் புதிதன்று என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு முதலே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் நம்மவர் பெருந்தொகையினராக இருந்தனர். 1780-ல் தோற்றம் கொண்ட சென்னைச் சாப்பர்ஸ் படையில், பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், அகழி தோண்டுதல் ஆகிய அரும்பணிகளை அவர்கள் ஆற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட்ஸ் பிரபு போன்ற படைத்தலைவர்கள் "போர்க்குலம்" என்றொரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு, தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கினர். மராட்டிய நாட்டின் மகார் மக்களுக்கும் அவ்வாறே படையின் கதவு அடைக்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1891-ல் பிறந்தது மாவ் என்னும் படை முகாம் நகரில். அவர்தம் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். படை வாழ்க்கை அத்தந்தைக்குக் கல்வியைத் தந்தது. தந்தையின் கல்வி மகனுக்கு வழிகாட்டிற்று. மூடிய கதவை மீண்டும் திறக்க வேண்டுமென அண்ணல் இடையறாது வாதாடினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மகார் படைப்பிரிவு தொடங்கப்பெற்றது. ஒரு வேலைக்காக மட்டும் நடந்த வழக்கன்று அது. "நாட்டைக் காக்கும் தகுதி எமக்கும் உண்டு" என்ற மானத்திற்கான வழக்கு.

கடலும் விமானமும் சேர்ந்த போரைத் தமிழகம் அறிந்ததும் அக்காலத்திலேதான். 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள், 5-ஆம் நாள் கொழும்பையும் 9-ஆம் நாள் திருகோணமலையையும் தாக்கின. ஹெர்மிஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்ப்புறங்களுக்கு ஓடினர். பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு தாம்பரத்திலும் கோவைப் பகுதியிலும் தளங்கள் அமைத்தது. நாடு விடுதலை பெற்றபின் நம் கடற்படையின் முதல் விமானத் தளமான கருடா 1953-ல் கொச்சியில் அமைந்தது. அடுத்ததான ஹன்சா 1961-ல் கோவையை அடுத்த சூலூரில் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கோவாவுக்கு மாறிற்று. விக்ராந்த் கப்பல் 1961 மார்ச் 4-ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்க்கப்பெற்றது. இவற்றை நான் நூல்களில் படித்தேன். என் தந்தையார் கருடாவிலும் ஹன்சாவிலும் விக்ராந்திலும் வாழ்ந்தார்.

மேல்தளத்துப் பணி

விமானந்தாங்கிக் கப்பல் என்பது மிதக்கும் விமானத் தளம். விக்ராந்தின் நீளம் ஏறத்தாழ 700 அடி. கீழே கொட்டகை, மேலே ஓடுதளம், இரண்டுக்கும் இடையே விமானத்தை ஏற்றியிறக்கும் மின்தூக்கி. தரையில் ஒரு விமானம் எழும்ப ஆயிரக்கணக்கான அடி ஓட வேண்டும். கப்பலில் அதற்கு இடமில்லை. ஆகவே கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து செல்லும். விமானத்தைக் கம்பி வடத்தால் நீராவி உந்துபொறியுடன் பிணைப்பார்கள். கவணிலிருந்து கல் புறப்படுவது போல அது விமானத்தை வீசியெறியும். திரும்பி வரும் விமானம் தன் வாலிலுள்ள கொக்கியால், தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பற்றி நிற்கும். பற்றத் தவறினால் மீண்டும் மேலெழ வேண்டும், இல்லையேல் கடல்தான்.

விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளிக்கொணர்வது, அலையில் கப்பல் சாயும்போது உருளாமல் சக்கரத்திற்குக் கட்டை வைப்பது, சங்கிலியால் தளத்துடன் பிணைப்பது, உந்துபொறியில் மாட்டுவது, இறங்கியதும் ஓடிச்சென்று கொக்கியை விடுவிப்பது ஆகியவை விமானக் கையாளுநர் எனப்படும் மாலுமிகளின் பணி. என் தந்தையார் அப்பிரிவைச் சேர்ந்தவர். ஒரு புறம் ஆளை இழுத்துக்கொள்ளும் ஜெட் விமானத்தின் வாய், மறு புறம் வெட்டி வீழ்த்தும் அலிசே விமானத்தின் சுழலி, பின்னே நெருப்புக் காற்று, அப்பால் கடல். "வண்டி மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறோம் அல்லவா? அதே வேலைதான் தம்பி. என்ன, அங்கே மேடே ஆடும்" என்று அவர் விளக்குவார். வயலில் கற்ற கைப்பழக்கம் கடலிலும் உதவிற்று என்பது அவர் கருத்து.

1971 டிசம்பர்

அப்போரின்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த தமிழர், வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். விக்ராந்தின் தலைவர் கேப்டன் சுவராஜ் பிரகாஷ். கப்பலிலோ ஒரு பெருங்குறை இருந்தது. நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால், மணிக்கு 16 கடல் மைலுக்கு மேல் விரையலாகாது என்ற கட்டுப்பாடு. வேகம் குறைந்தால் எதிர்க்காற்றும் குறையும்; விமானம் எழுவது கடினம். இந்நிலையிலும் கப்பலைப் போருக்குக் கொண்டுசெல்லத் துணிந்தனர். அதனை அந்தமான் தீவுகளில் மறைத்து வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்திலேயே இருப்பது போலப் பகைவரை நம்பவைத்தனர். அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கிக் கப்பல், டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்திற்கு அருகில் மூழ்கிப் போயிற்று.

டிசம்பர் 4-ஆம் நாள் முற்பகலில் எட்டு சீ ஹாக் விமானங்கள் விக்ராந்திலிருந்து எழுந்து காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்றே சிட்டகாங் துறைமுகமும் தாக்கப்பட்டது. தொடர்ந்து வந்த நாள்களில் குல்னா, சால்னா, மங்லா என்று கிழக்கு வங்கத்தின் துறைகளெல்லாம் முடக்கப்பட்டன. பகலில் சீ ஹாக், இரவில் அலிசே என விமானங்கள் மாறி மாறிப் பறந்தமையால், கையாளுநர்கள் தளத்திலேயே சங்கிலிகளின் அருகே சாய்ந்து உறங்கினார்களாம். கடல் வழியே படை தப்பவும் இயலவில்லை. துணைப்படை வரவும் இயலவில்லை. டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். வங்கதேசம் பிறந்தது.

அதே நாள்களில் எங்கள் வீட்டில் நடந்ததை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது மூன்று வயது. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மேற்குக் கடலில் குக்ரி என்னும் நம் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். ஊராட்சி வானொலியில் "கடற்படைக் கப்பல் மூழ்கியது" என்ற அளவிலேயே எங்கள் தெருவுக்குச் செய்தி எட்டிற்று. எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று எவருக்கும் தெளிவில்லை. என் பாட்டியார் அன்று முதல் உலை வைக்கவில்லை. சம்பா அறுவடைக்குப் போன பெண்கள் மாலையில் நேரே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். பொங்கலுக்குச் சில நாள்கள் முன்னரே தந்தையாரின் கடிதம் வந்தது. "நலம். வேலை அதிகம். தம்பியைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும் தாமதிக்க வேண்டாம்" என்ற மூன்று வரிகளே அதில் இருந்தன. எழுத்தறியாத பாட்டியார் அந்தக் கடிதத்தைத் தம் இறுதிக் காலம் வரை சுருக்குப் பையில் வைத்திருந்தார்.

ஊர் திரும்பியபோது

போருக்குப்பின் விடுப்பில் வந்த தந்தையார், வெள்ளைச் சீருடையுடன் புகைவண்டி நிலையத்தில் இறங்கினார். எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஒரு தேநீர்க் கடை. அங்கே அவரை அன்புடன்தான் வரவேற்றனர். போர்ச் செய்திகளை ஆவலுடன் வினவினர். பின்னர், கூரையில் தனியே செருகி வைத்திருந்த குவளையை எடுத்து அதில் தேநீர் ஊற்றினர். அவர் அதைப் பலகை மீது வைத்தார், காசையும் பக்கத்தில் வைத்தார், குடிக்காமல் நடந்துவிட்டார். கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. "கப்பலில் ஆயிரத்துக்கு மேல் ஆள். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி" என்று வீட்டில் சொன்னதோடு சரி. கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்ட 1968 டிசம்பர் 25 கழிந்து, அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கடையில் அவர் தம் வாழ்நாளில் மீண்டும் கால் வைக்கவில்லை. அடுத்த தலைமுறையில் அந்தத் தனிக்குவளை போயிற்று. அது தானே போகவில்லை. பலர் குடிக்காமல் எழுந்து நடந்ததால் போயிற்று.

ஒரு கட்டுரையும் ஒரு திருத்தமும்

1979-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு மாணவன். தந்தையார் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட காலம். "என் தந்தை" என்னும் பொருளில் கட்டுரை எழுதச் சொன்னார் ஆசிரியர். என் தந்தையார் விமானம் ஓட்டிச் சென்று சிட்டகாங் துறைமுகத்தில் குண்டு வீசினார் என்று எழுதினேன். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். பிள்ளைகள் கை தட்டினர். என் வாழ்வில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

செய்தி வீட்டுக்கு எட்டியது. மறுநாள் காலை தந்தையார் என்னுடன் பள்ளிக்கு வந்தார். "ஐயா, பையன் எழுதியது தவறு. நான் விமானி இல்லை. தளத்தில் வேலை பார்த்தவன். வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுங்கள்" என்றார். எனக்கு நிலம் பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. மாலையில் கோரையாற்றங்கரைக்கு என்னை அழைத்துச் சென்றார். "தம்பி, பறந்தவர்கள் வேறு. அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அந்தப் பெயரை நாம் எடுத்துக்கொண்டால் அது களவு. நான் அவர்களைப் பறக்க விட்டேன். திரும்பி வந்தபோது பிடித்து நிறுத்தினேன். அது குறைந்த வேலை என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை.

பின்னாளில் சிந்தித்தபோது விடை தெரிந்தது. கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, பலர் காண அமர்ந்து செய்யும் வேலை உயர்ந்தது என்று நம் நாட்டின் சாதி முறையே நமக்குக் கற்பித்து வைத்திருக்கிறது. நாற்று நட்டவரின் பெயர் நெல்லில் இல்லை. கட்டை வைத்தவரின் பெயர் வெற்றியில் இல்லை. அந்தப் பாடத்தை நான் அறியாமலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அதனால்தான் என் தந்தையை விமானியாக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். அவரோ தம் வேலையைத் தாழ்ந்ததாக ஒருபோதும் எண்ணியவர் அல்லர்.

அவர் 2009-ல் இயற்கை எய்தினார். நம் தெரு இளைஞர்கள் அன்புடன் ஒட்டிய இரங்கல் சுவரொட்டியில் "போர் விமானி" என்றே அச்சாகியிருந்தது. துயரத்தில் இருந்த நான் அதைத் திருத்தவில்லை. அந்தக் கடன் பதினாறு ஆண்டுகளாக என் மனத்தில் இருந்தது. இன்று இம்மலரில் அதைத் தீர்க்கிறேன்.

எஞ்சியவை

போரின் பரிசாக அவர் கொண்டுவந்தவை மூன்று. பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல் எனும் இரு பதக்கங்கள். மூன்றாவது, இடக்காது கேளாமை. ஜெட் விமானத்தின் ஓசை அக்காதை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. அவர் அழைத்தால் திரும்பாதவர், கடுமையானவர் என்று சிறுவயதில் நாங்கள் அஞ்சினோம். அவருக்குக் கேட்கவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அதன்பின் நான் எப்போதும் அவருக்கு வலப்புறமாகவே அமர்ந்து பேசினேன்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை போயிற்று. பெட்டியிலிருந்த பணிச் சான்றிதழும் புகைப்படங்களும் மழைநீரில் கூழாயின. பதக்கங்கள் மட்டும் தப்பின. அவற்றின் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் போரில் அவர் பணியாற்றியதற்கு இன்று எங்களிடம் எஞ்சியுள்ள சான்று அந்த விளிம்பெழுத்து மட்டுமே. விக்ராந்த் கப்பலும் 1997-ல் ஓய்வு பெற்று, சில காலம் மும்பையில் காட்சிக்கூடமாக நின்று, 2014-ல் உடைக்கப்பட்டுவிட்டது. அதே பெயரில் நம் நாட்டிலேயே கட்டிய புதிய கப்பல் 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது.

இளைஞர்களுக்கு

அன்புக்குரிய இளைஞர்களே! உங்களுக்கு மூன்று செய்திகள் சொல்வேன்.

முதலாவது: நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு. படையில் சாலை போட்டவர், மலாயாவிலும் பர்மாவிலும் உழைத்தவர், இருப்புப்பாதை போட்டவர், சங்கத்திற்காகச் சிறை சென்றவர் எனப் பலரின் அடையாளங்கள் அவற்றில் உள்ளன. அடுத்த புயல் வருமுன் அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்க நம் கழகம் ஒரு பதிவேடு தொடங்குதல் நலம். முதியோர் சொல்வதை அவர் உள்ளபோதே எழுதி வையுங்கள்.

இரண்டாவது: எழுதும்போது உள்ளதை உள்ளவாறு எழுதுங்கள். நம்மைக் குறைத்து எழுதியவர்கள் ஏராளம். அதற்கு மாற்று, நாம் கூட்டி எழுதுவதன்று. ஒரு பொய் வெளிப்பட்டால் ஒன்பது உண்மைகளும் ஐயத்திற்கு உள்ளாகும். நம் முன்னோரின் மெய்யான வாழ்வே போதிய பெருமை உடையது.

மூன்றாவது: என் தந்தையார் நின்ற இடத்தோடு நீங்கள் நின்றுவிட வேண்டியதில்லை. கடற்படை விமானத் தளங்கள் இன்று நம் அண்மையிலேயே உள்ளன. அரக்கோணத்தில் ராஜாளி 1992 முதலும், இராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து 2009 முதலும் இயங்குகின்றன. 2019 டிசம்பரில் சிவாங்கி என்னும் இளம்பெண் கடற்படையின் முதல் பெண் விமானியானார். கணிதமும் இயற்பியலும் கருத்தூன்றிப் பயிலுங்கள். நம் தெருவிலிருந்து ஒரு பெண்ணோ பிள்ளையோ விமானியாகும் நாளில், அவரைப் பற்றி எவரும் மிகைப்படுத்தி எழுத வேண்டிய தேவை இராது.

அன்று அவர் விமானத்தில் ஏறும்போது, சக்கரத்தின் கட்டையை எடுக்கும் மாலுமியை நோக்கி ஒரு முறை கையசைப்பாராக. என் தந்தையார் கேட்டிருக்கக்கூடிய மரியாதை அதுவே.

கல்விக் கழகம் வளர்க! உண்மை வெல்க!